நாயின் தோலுக்கடியில் ஒரு நெல்மணி

பாகூர்க் கொம்யூனில் ஒரு சிற்றூர்த் தேநீர்க் கடை. காலை நேரம். செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவர், சென்னையில் வளர்ப்பு நாய்களுக்கெல்லாம் ‘மைக்ரோசிப்’ பொருத்தவேண்டும் என்ற செய்தியில் வந்து நின்றார். கடை ஓரத்தில் கீரைக்கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மூதாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏன் தம்பி, நீ காலேஜ் வாத்தியார்தானே? அந்த சிப்பை வச்சுட்டா நாயி எங்க போனாலும் செல்லுல காட்டுமாமே, மெய்யா?”

நான் பதில் சொல்லுமுன் இன்னொருவர் முந்திக்கொண்டார். “அது மட்டுமா ஆயா! சிப்பு வச்ச நாய் கடிச்சா ஊசியே போட வேணாம்.” மூன்றாமவர் முடித்து வைத்தார்: “எல்லா வீட்டு நாய்க்கும் ஆபரேஷன் பண்ணி, சிப்பும் வச்சுட்டா, தெரு நாயே இருக்காது. நம்ம ஊருக்கும் அதைக் கொண்டு வரணும்.”

மூன்று நம்பிக்கைகள். முதலிரண்டும் முழுத் தவறு. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைதான் ஆபத்தானது. அதை நம்பிப் பணமும் காலமும் செலவிட்டுவிடுவோம். பெருநகரத்துக்காக வகுத்த ஒரு திட்டம் வில்லியனூருக்கும் பாகூருக்கும் அப்படியே பொருந்துமா என்பதை அறிவியலைக் கொண்டு எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெல்மணிக்குள் என்ன இருக்கிறது?

நாய்க்குப் பொருத்தும் மைக்ரோசிப் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு கண்ணாடிக் குப்பி. ஒரு பெரிய நெல்மணி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஃபெரைட் தண்டின்மேல் சுற்றிய செப்புக்கம்பிச் சுருள் ஒன்று, ஒரு மின்தேக்கி, எண்ணைத் தாங்கிய ஒரு சிறு சில்லு. அவ்வளவே. இதனைத் தடித்த ஊசியின் வழியாக நாயின் இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். மயக்க மருந்து தேவையில்லை.

அதில் பாட்டரி கிடையாது. பிறகு எப்படி வேலை செய்கிறது? 1831ல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இங்கும் வேலை செய்கிறது. பரிசோதகர் கையிலுள்ள ஸ்கேனரில் ஒரு சுருள் இருக்கிறது. அதில் வினாடிக்கு 1,34,200 முறை அலைவுறும் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. அதனால் மாறுகின்ற காந்தப்புலம் உண்டாகிறது. அப்புலத்தினுள் நாயின் தோலுக்கடியில் உள்ள சுருள் வந்ததும் அதில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அந்தச் சிறு மின்சாரத்தில் சில்லு விழித்துக்கொண்டு, தன் எண்ணை ஸ்கேனருக்குத் திருப்பிச் சொல்கிறது. ஸ்கேனரை எடுத்துவிட்டால் மறுபடியும் உறங்கிவிடுகிறது. கம்பி இணைப்பில்லாமல் கைப்பேசிக்கு மின்னேற்றும் தட்டு உங்களில் சிலர் வீட்டில் இருக்கலாம். அதன் தத்துவமும் இதுவே.

இதனை நான் மாணவர்களுக்கு இரண்டு சுருள்களைக் கொண்டு செய்து காட்டுவதுண்டு. ஒரு சுருளை அலையியற்றியுடன் இணைப்போம். மற்றதில் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை இணைப்போம். சுருள்கள் நெருங்கும்போது விளக்கு பளிச்சென எரியும். ஒரு சாண் விலக்கினால் அணைந்துவிடும். “ஏன் சார் இவ்வளவு சீக்கிரம் அணைகிறது?” என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். ஒரு சுருளின் ஆரத்தைவிட மிகுதியாக விலகிச் சென்றால் அதன் காந்தப்புலம் தொலைவின் கன மடங்காகக் குறைகிறது. தொலைவு இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒரு பங்கு. ஆகையால்தான் கையடக்க ஸ்கேனர்கள் சில சென்டிமீட்டர் தொலைவிலேயே சில்லைப் படிக்கின்றன. இந்த அதிர்வெண்ணில் அலைநீளம் ஏறத்தாழ இரண்டேகால் கிலோமீட்டர். அத்துணை நீண்ட அலையை நெல்மணி அளவுள்ள சுருள் ஒன்று தொலைதூரத்துக்கு அனுப்பும் என்று எதிர்பார்ப்பது, ஊதுபத்தியின் வெளிச்சத்தில் பாகூர் ஏரியின் மறுகரையைப் பார்க்க நினைப்பதைப் போன்றது.

கைப்பேசியில் இடம் காட்டும் ஜி.பி.எஸ். முறை முற்றிலும் வேறு. அதில் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைக் கருவி வாங்கிக் கணக்கிடவேண்டும். பின்பு கைப்பேசிக் கோபுரம் வழியாக அந்த இடத்தை நமக்கு அனுப்பவேண்டும். இரண்டுக்கும் பாட்டரி வேண்டும். கழுத்துப் பட்டையில் அப்படிப்பட்ட கருவியைக் கட்டலாம், அடிக்கடி மின்னேற்றியும் வரலாம். தோலுக்கடியில் உள்ள நெல்மணியால் அது ஆகாது. ஆகவே கீரைக்கார ஆயாவின் கேள்விக்கு விடை: “இல்லை, ஆயா. நாயைக் கண்டுபிடித்து ஒருவர் ஸ்கேனரின் அருகே கொண்டுபோன பிறகுதான் சிப்பு வாய் திறக்கும்.”

எண்ணும் பதிவேடும்

வாய் திறந்து அது என்ன சொல்லும்? 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும். உரிமையாளரின் பெயரைச் சொல்லாது. முகவரியைச் சொல்லாது. தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதையும் சொல்லாது. பன்னாட்டுத் தரத்தின்படி முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ சில்லு தயாரித்த நிறுவனத்தையோ குறிக்கும். மீதிப் பன்னிரண்டு அந்த விலங்குக்கே உரியவை. இவ்வெண்ணுக்காக ஒதுக்கப்பட்டவை 38 இரும இலக்கங்கள். 2ஐ 38 முறை பெருக்கிப் பாருங்கள்: 27,487 கோடிக்கும் மேல். உலகிலுள்ள நாய்களுக்கெல்லாம் எண் கொடுத்தாலும் தீராது.

நூலகத்தில் புத்தகத்தின் முதுகில் ஓர் எண் ஒட்டியிருக்கிறது. பதிவேடு தொலைந்துவிட்டால் அந்த எண்ணால் என்ன பயன்? சிப்பின் கதையும் அதுவே. நம் ஊர் மாடுகளின் காதில் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அந்த வில்லைக்கு மதிப்புக் கொடுப்பது பிளாஸ்டிக் அல்ல. அதன் பின்னால் உள்ள தேசியப் பதிவேடு.

இதில் மேலைநாட்டு அனுபவமும் பாடம் சொல்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் 2016 ஏப்ரல் 6 முதல் நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம் ஆயிற்று. ஆனால் அங்கே பதிவேடு ஒன்றல்ல. பல நிறுவனங்கள் தனித்தனியே பதிவேடு வைத்திருந்தன. வீடு மாறியவர்களும் கைப்பேசி எண்ணை மாற்றியவர்களும் அதனைத் தெரிவிக்காமல் விட்டனர். சிப் இருந்தும் உரியவரிடம் சேர முடியாத நாய்கள் அங்கும் உண்டு. படிப்பறிவும் கணினி வசதியும் நிறைந்த நாட்டிலேயே இடர்ப்பாடு சிப்பில் இல்லை, பதிவேட்டில்தான் இருந்தது.

இப்போது நம் நில வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. பாகூர்ப் பக்கம் கடலூர் மாவட்டமும், வில்லியனூருக்கு மேற்கே விழுப்புரம் மாவட்டமும் ஊடும் பாவுமாய்ப் பின்னிக் கிடக்கின்றன. காலையில் புதுச்சேரி வயலில் படுத்திருக்கும் நாய், மாலையில் தமிழ்நாட்டு வரப்பில் நிற்கும். சென்னைக்கு ஒரு பதிவேடு, புதுச்சேரிக்கு ஒரு பதிவேடு, கடலூருக்கு ஒன்றுமில்லை என்றால், தென்பெண்ணையைத் தாண்டியதும் அந்த 15 இலக்கமும் வெறும் எண்ணாகிவிடும்.

சிப் வேலியும் அல்ல, தடுப்பூசியும் அல்ல

இரண்டாவது நம்பிக்கைதான் உயிரோடு விளையாடுவது. என் வகுப்பு மாணவர் ஒருவரின் தங்கையை அவர்கள் வீட்டு நாயே கையில் கடித்தது. “நம்ம வீட்டு நாய்தானே” என்று மஞ்சளை அப்பிவிட்டு இருந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நாய் காணாமற்போயிற்று. அதன் பின்னரே வீட்டில் அச்சம் எழுந்தது. அதற்குத் தடுப்பூசி போட்டதா என்று கேட்டேன். “போன வருஷமோ, அதுக்கு முந்தின வருஷமோ முகாம்ல போட்டாங்க சார்” என்றார். அட்டை எதுவுமில்லை. அன்றே குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஊசித் தொடரைத் தொடங்கினார்கள். குழந்தை நலமாயிருக்கிறாள். ஆனால் அந்த மூன்று நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் கை நடுங்குகிறது.

வெறிநாய்க்கடி நோய்க்கு அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ மரணமே முடிவு. அறிகுறி தோன்றுமுன் தடுப்பது நூற்றுக்கு நூறு நம் கையில் இருக்கிறது. கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அரசு மருத்துவமனைகளில் தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போடுகிறார்கள். காயம் ஆழமானால் எதிர்ப்புப்புரதமும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் நம் பாட்டிகளிடம் இருக்கிறது. ஆட்டு மூளையில் தயாரித்த அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சிப் உள்ள நாயா, இல்லாத நாயா, வீட்டு நாயா, தெரு நாயா என்று கிருமி கேட்பதில்லை. நாமும் கேட்டுக்கொண்டிருக்கலாகாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2022–23ல் நாடெங்கும் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கின்படி, நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 91 இலட்சம் பேர் விலங்குக்கடிக்கு ஆளாகிறார்கள். ஆண்டுக்கு 5,726 பேர் இந்நோயால் இறப்பதாக அவர்கள் மதிப்பிட்டனர். கடிப்பவற்றுள் பெரும்பாலானவை நாய்கள். ஆகவே எந்த நாய்த் திட்டத்தையும் அளக்கவேண்டிய முதல் அளவுகோல் இதுதான்: இது இந்த 5,726ஐக் குறைக்குமா?

கருத்தடை: பாதி உண்மையும் மீதிப் பாதியும்

கருத்தடை அறுவையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெட்டை நாய்க்குச் சூலகத்தையும் கருப்பையையும் நீக்குகிறார்கள். கடுவனுக்கு விதை நீக்கம். பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயிலிருந்து விடுதலை கிடைக்கிறது. குட்டிகளைக் காக்கும் வேகத்தில் தாய் நாய் கடிப்பதும் குறைகிறது. ஜெய்ப்பூரில் 1994ல் தொடங்கிய திட்டத்தில் பெட்டைகளில் 65 விழுக்காட்டுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஒருங்கே செய்தபோது, 2002க்குள் தெரு நாய்கள் 28 விழுக்காடு குறைந்தன; திட்டம் நடந்த பகுதியில் மனிதர்க்கு வெறிநாய்க்கடி நோய் வருவதும் நின்றது.

ஆனால் எந்த நாய்க்குச் செய்கிறோம் என்பதில்தான் கணக்கு இருக்கிறது. ஓர் ஊரில் 50 கடுவனும் 50 பெட்டையுமாக 100 நாய்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 அறுவைக்குத்தான் வசதி இருக்கிறது. நாற்பதையும் கடுவன்களுக்குச் செய்தால் மீதிப் பத்துக் கடுவன்கள் ஐம்பது பெட்டைகளுக்கும் போதும். ஆண்டு முடிவில் குட்டிகள் ஒன்றும் குறைந்திரா. அதே நாற்பதையும் பெட்டைகளுக்குச் செய்தால் குட்டி போடக்கூடியவை பத்தே. குட்டிகள் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். “இத்தனை நாய்களுக்கு அறுவை செய்தோம்” என்று வெளியிடும் எண்ணிக்கை எதையும் சொல்லாது. அதில் பெட்டை எத்தனை என்று கேளுங்கள்.

இங்கே நான் என் குடும்பத்தின் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பெட்டை நாய் இருந்தது. ஒவ்வோர் ஈற்றிலும் கடுவன் குட்டிகளை உறவினர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். பெட்டைக் குட்டிகளை யாரும் கேட்கமாட்டார்கள். கண் திறந்த சில வாரத்தில் அவற்றைச் சாக்கில் போட்டு ஏரிக்கரையில் விட்டு வருவது என் வேலை. அழுதுகொண்டே போவேன், ஆனாலும் போவேன். பிழைத்த குட்டிகள்தான் இன்று நாம் குறைசொல்லும் தெரு நாய்களின் பாட்டிகள். தெரு நாய் வானத்திலிருந்து விழவில்லை. கருத்தடை செய்யாத வீட்டுப் பெட்டையும் ஏரிக்கரைச் சாக்கும் சேர்ந்து உண்டாக்கியதே அது.

சட்டத்தின் இரு பெட்டிகள்

இனி விதிகளைப் பார்ப்போம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நாய்க் கருத்தடை விதிகள் 2001ல் வந்தன. 2023 மார்ச்சில் புதிய விதிகள் அவற்றுக்குப் பதிலாக வந்தன. இரண்டிலும் நாய்கள் இரு பெட்டிகளில் அடைக்கப்படுகின்றன. ஒன்று வளர்ப்பு நாய். அதன் பொறுப்பு உரிமையாளருடையது. மற்றது தெரு நாய். அதன் பொறுப்பு உள்ளாட்சியுடையது. தெரு நாயைப் பிடித்து, அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, காதில் அடையாள வெட்டு இட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகள் உள்ள நகரத்தில் இந்தப் பிரிவினை ஓரளவு பொருந்தும். நம் ஊரில்? கீரைக்கார ஆயா வீட்டு நாய்க்குப் பெயர் உண்டு, சோறு உண்டு, ஆனால் கயிறும் கூண்டும் கிடையாது. இரவில் தெருவைக் காக்கிறது, பகலில் வயலில் திரிகிறது, பக்கத்து வீட்டிலும் சாப்பிடுகிறது. அது எந்தப் பெட்டியில் சேரும்? பிடிக்கும் வண்டி வந்தால் “அது எங்க வீட்டு நாயி” என்பார்கள். உரிமக் கட்டணம் கேட்டால் “அது தெரு நாயிங்க” என்பார்கள். இரண்டும் பொய்யல்ல. நம் சிற்றூர் நாய்களுள் கணிசமானவை இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. விதிகள் இவற்றுக்குத் தெளிவான வழி சொல்லாமல் போனதே என் முதற் குறைபாடு.

2025ல் நாய்ப் பிரச்சினை உச்ச நீதிமன்றம்வரை சென்றது. ஆகஸ்ட் 11ஆம் நாள் டெல்லித் தெரு நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்க உத்தரவாயிற்று. ஆகஸ்ட் 22ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை அறுவையும் தடுப்பூசியும் முடித்துத் திரும்ப விடலாம் என்றது. நாடெங்கும் வாதங்கள் நடந்தன. நாய் நேயர் ஒரு பக்கம், நாயை வெறுப்பவர் மறு பக்கம். இருவருமே பேசியது தெரு நாயைப் பற்றி. குட்டிகளைத் தெருவுக்கு அனுப்பும் வீட்டைப் பற்றி மிகச் சிலரே பேசினர்.

அந்த வகையில் சென்னை மாநகராட்சி பார்வையை வீட்டின் பக்கம் திருப்பியது பாராட்டத்தக்கதே. 2025ல் வளர்ப்பு நாய் உரிமத்தோடு தடுப்பூசியையும் மைக்ரோசிப்பையும் இணைத்தார்கள். உரிமம் பெறாதவர்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தார்கள். பல ஆயிரம் கொடுத்து உயர்சாதி நாய் வாங்கியவர் அபராதத்துக்கு அஞ்சுவார், நாயை விடமாட்டார். ஆனால் நம் ஊரில் நாய் விலைக்கு வாங்கப்படுவதில்லை. காசில்லாமல் வந்த நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்றால் கூலி வேலை செய்பவர் என்ன செய்வார்? “இது என் நாயே இல்லை” என்று கைகழுவுவார். அன்றுவரை ஒரு வீட்டின் பொறுப்பில் இருந்த நாய் அன்றே தெரு நாயாகிவிடும். தெரு நாயைக் குறைக்க வந்த விதி தெரு நாயைப் பெருக்கிவிடும். இதுவே இரண்டாவது குறைபாடு.

மூன்றாவது, எல்லா வளர்ப்பு நாய்க்கும் கட்டாயக் கருத்தடை என்ற கோரிக்கை. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் மண்ணின் இனங்களைப் பொறுப்போடு வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையான பதிவும் விலக்கும் வேண்டும். வேண்டாத குட்டிகளைத் தடுப்பதே நோக்கம், இனங்களை அழிப்பதல்ல.

எழுபது விழுக்காட்டின் இரகசியம்

அப்படியானால் எது முதலில் வேண்டும்? இங்கேதான் ஒரு சிறு கணக்கு உதவுகிறது.

நோயுற்ற ஒரு நாய், தடுப்பூசி இல்லாத கூட்டத்தில், சராசரியாக எத்தனை நாய்களுக்கு நோயைக் கொடுக்கும்? பல நாடுகளில் ஆய்ந்தபோது இந்த எண் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலேயே இருந்தது. அம்மை போன்ற நோய்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத் தடுப்பாற்றல் இருந்தால், ஒரு நோயுற்ற நாய் கொடுக்கும் புதிய நோயாளி சராசரி ஒன்றாகிவிடும். அதற்கு மேல் தடுப்பூசி போட்டால் நோய் தானே தேய்ந்து மறையும். அப்படியிருக்க, உலக சுகாதார நிறுவனம் ஏன் 70 விழுக்காடு கேட்கிறது?

நாய்கள் சாகின்றன, புதியவை பிறக்கின்றன என்பதால்தான். ஆண்டுக்கு நூற்றுக்கு 40 நாய்கள் இறந்து, அவற்றின் இடத்தில் ஊசி போடாத குட்டிகள் வந்தால், 70 விழுக்காடு ஓராண்டில் 42 ஆகும். இரண்டாம் ஆண்டில் 25 ஆகும். 33 என்னும் கோட்டுக்குக் கீழே போய்விட்டோம். அதே ஊரில் கருத்தடையும் பராமரிப்பும் இருந்து, ஆண்டுக்கு 20 நாய்களே மாறினால், 70 ஓராண்டில் 56. இரண்டாம் ஆண்டிலும் 45. கோட்டுக்கு மேலேயே நிற்கிறோம். தடுப்பாற்றல் காலப்போக்கில் குறைவதை இக்கணக்கில் சேர்க்கவில்லை. ஆண்டுதோறும் ஊசி போடவேண்டும் என்பதில் மாற்றமில்லை.

இக்கணக்கு மூன்று செயல்களின் இடத்தையும் தெளிவாக்குகிறது. நோயைத் தடுப்பது தடுப்பூசி. தடுப்பூசி போட்ட கூட்டம் விரைவில் கரைந்துவிடாமல் காப்பது கருத்தடை. எந்த நாய்க்கு எப்போது போட்டோம் என்பதை நினைவில் வைப்பது பதிவேடு. சிப் அப்பதிவேட்டின் சாவி மட்டுமே. சாவியை முதலில் வாங்கிவிட்டு வீட்டைப் பிறகு கட்டுவார்களா?

இதற்குக் கண்கூடான சான்று கோவா. அங்கே அரசும் ஒரு தொண்டு நிறுவனமும் 2013 முதல் சேர்ந்து உழைத்தன. ஆண்டுதோறும் வீடு வீடாக, தெருத் தெருவாகச் சென்று நாய்களுக்கு ஊசி போட்டார்கள். யாருடைய நாய் என்று தகராறு செய்யவில்லை. கையில் வராத நாயை வலையில் பிடித்தார்கள். ஊசி போட்ட நாயின்மேல் வண்ணத்தால் ஒரு கோடு. கைப்பேசிச் செயலியில் இடத்தின் குறிப்பு. பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாடம். 2022ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வின்படி, நாய்களிடையே நோய் 92 விழுக்காடு குறைந்தது. மனிதரிடையே முற்றும் நின்றது. வண்ணக் கோடு சில நாளில் அழிந்துவிடும். அந்தச் சில நாள் போதுமானதாயிருந்தது.

மறுபக்கத்தில், நாய்க் கருத்தடையை 1996லேயே மேற்கொண்ட சென்னையில், 2018ல் ஏறத்தாழ 57 ஆயிரம் என்று எண்ணப்பட்ட தெரு நாய்கள், 2024ல் ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் என்று எண்ணப்பட்டன. எண்ணிய முறைகளில் வேற்றுமை இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும், கருத்தடை என்ற சொல்லால் மட்டும் நாய்கள் குறைந்துவிடவில்லை என்பது தெளிவு. உரிய விழுக்காட்டை எட்டாத கருத்தடை, ஓட்டைக் குடத்தில் ஊற்றும் நீர்.

நம் கொம்யூன்களுக்கு எது பொருந்தும்?

குறை சொல்வதோடு நின்றால் விமர்சனம் முழுமையாகாது. வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களுக்கு என் எண்ணத்தில் பொருந்தும் வரிசை இது.

முதலாவது, ஆண்டுக்கொரு முறை, குறிப்பிட்ட ஒரு மாதத்தில், ஊரிலுள்ள எல்லா நாய்க்கும் தடுப்பூசி. மாட்டுப் பொங்கலை அடுத்த வாரங்கள் ஏற்றவை. அப்போது ஊரே கால்நடைகளை நினைத்துக்கொண்டிருக்கும். “யாருடைய நாய்?” என்ற கேள்வியை ஊசி போட்ட பிறகு கேட்கலாம்.

இரண்டாவது, வீட்டுப் பெட்டைகளுக்கு இலவசக் கருத்தடை. அபராதம் வேண்டாம், அழைப்பு போதும். ஒரு நாள் கூலியை இழந்து நாயைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போக யாராலும் ஆகாது. அறுவைக்கூடம் ஊரின் அருகே வரவேண்டும். குரும்பாப்பேட்டில் இராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இவ்வளவு அருகில் இருக்கும் சிற்றூர்கள் நாட்டில் எத்தனை? இந்த நல்வாய்ப்பைப் பயன்படுத்தவேண்டும்.

மூன்றாவது, கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரே பதிவேடு. வீட்டுக்கு ஓர் அட்டை. மூன்றாம் வகை நாய்க்கும் அதில் இடம் வேண்டும்: “இரண்டு வீட்டில் சாப்பிடும், தெருவில் படுக்கும்” என்று எழுதினால் போயிற்று. பதிவேடு ஓரிரண்டு ஆண்டு ஒழுங்காக நடந்தபின் சிப் வரட்டும். அப்போது ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் மின்னேற்றிய ஸ்கேனர் ஒன்று இருக்கவேண்டும்; பதிவேடு கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் பொதுவாயிருக்கவேண்டும்.

இதில் மக்களாட்சிப் பக்கமும் ஒன்றுண்டு. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 2006ல் நடந்தது. அதற்கு முந்தியது 1968ல். 2006ல் வந்தவர்களின் காலம் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் தேர்தல் இல்லாமலே கழிந்தன. எந்தத் தெருவில் எந்த நாய் குட்டி போட்டிருக்கிறது என்பது தலைமைச் செயலகத்துக்குத் தெரியாது. வார்டு உறுப்பினருக்குத் தெரியும். அவரே இல்லாத ஊரில் பதிவேட்டை யார் நடத்துவார்? நாய்க்கணக்கும் கடைசியில் உள்ளாட்சிக் கணக்கில் வந்து முடிகிறது.

பள்ளி, கல்லூரி மாணவர்கள் இன்றே ஒரு வேலை செய்யலாம். உங்கள் தெருவில் உள்ள நாய்களை மூன்று நாள் காலையில் எண்ணுங்கள். கடுவன் எத்தனை, பெட்டை எத்தனை, காதில் வெட்டு உள்ளவை எத்தனை, சோறு போடும் வீடு உள்ளவை எத்தனை என்று பட்டியல் இடுங்கள். நாயைத் தொடவேண்டாம், குட்டியுள்ள தாயின் அருகே போகவேண்டாம். அந்தப் பட்டியலைப் பஞ்சாயத்தில் கொடுங்கள். பதிவேட்டின் முதற்பக்கம் உங்களால் எழுதப்பட்டதாயிருக்கும்.

கீரைக்கார ஆயாவிடம் இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அப்ப எங்க வீட்டுப் பொட்டைக்கு மொதல்ல ஊசி, அப்புறம் ஆபரேசன். சிப்பு கெடக்கட்டும். ஆபரேசன் வண்டி எப்ப வரும், அதைச் சொல்லு.”

அந்தத் தேதியை என்னால் சொல்ல முடியவில்லை.